பழைய காரை மாற்றி வாங்கிய செகண்ட் ஹேண்ட் காரில் ஈர நாற்றம்

ஏசி போட்டால் ஈரச் சாக்கு நாற்றம். சீட்டுகளுக்கு ஷாம்பு போட்டேன், கேபின் ஃபில்டரை (உள்ளே வரும் காற்றை வடிகட்டுவது) மாற்றினேன். இரண்டு நாளில் மறுபடியும் அதே நாற்றம். வாசனை டப்பா வைத்தது சுத்த வீண்.

கவனிக்காமல் விட்டது ஒன்று: ஏசி ஓடினால் வழக்கமாக வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டும்; அரை மணி நேரம் ஓடியும் ஒரு சொட்டு இல்லை. முன் பக்க கார்ப்பெட் மேலே காய்ந்திருந்தது. தூக்கினால் அடியில் இருந்த ஃபோம் ஊறிக் கிடந்தது. தொட்டால் பிசுபிசுப்பில்லை, இனிப்பு வாடையும் இல்லை. எனவே கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிவு அல்ல.

எஞ்சின் அறைத் தடுப்புக்குக் கீழே ஏசி தண்ணீர் வெளியேறும் ரப்பர் குழாய். முனை மண்ணால் அடைத்திருந்தது. வளையும் நைலான் கம்பியை மெதுவாக விட்டுச் சுழற்றியதும் அரை லிட்டர் போலக் கொட்டியது. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரால் வேகமாகக் காற்றடித்தால் குழாய் உள்ளே கழன்றுவிடலாம்.

ஃபோமைக் கழற்றி இரண்டு நாள் ஃபேனில் உலர்த்தினேன். நாற்றம் போய்விட்டது, அப்பாடா.