குவெட்சால் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கோஸ்டா ரிகாவின் மேகக் காடுகளுக்குப் போய், பச்சை முதுகும் சிவப்பு வயிறும் நீண்ட வாலும் கொண்ட குவெட்சால் பறவையைப் பார்க்காமல் திரும்பியவர்களிடம் கேட்டால், பாதிப்பேர் "நாள் முழுக்க நடந்தோம்" என்பார்கள். தவறே அந்த நடைதான். அங்கே 'அகுவாகாட்டில்லோ' என்று ஒரு காட்டு வெண்ணெய்ப்பழ மரம் உண்டு, நம் லவங்கப்பட்டை மரத்துக்கு உறவு. அது பழுத்திருக்கும் இடத்தை உள்ளூர் வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டு, விடியற்காலை ஐந்தரைக்கே போய் நின்றுவிடுங்கள். பறவை விருட்டென்று பறந்து, பறந்தபடியே பழத்தைப் பறித்து, முழுசாக விழுங்கிவிட்டுப் பக்கத்துக் கிளையில் போய் உட்காரும். அப்புறம் அசையவே அசையாது. சதை கரைந்ததும் கொட்டையை மட்டும் கக்கும், அது இலைமேல் 'டப்'பென்று விழும் சத்தத்தை வைத்தே இடத்தைப் பிடித்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது, சிவப்பைத் தேடுவது. முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டால் அந்தச் சிவப்பு வயிறு தெரியவே தெரியாது. ஈர இலைகளுக்கு நடுவே பச்சை முதுகு இன்னொரு இலைதான். அந்தப் பச்சையும் சாயம் இல்லை, ஒளி பட்டால்தான் மின்னும், மூட்டத்தில் கருத்துக் கிடக்கும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் தீக்காக்கை என்ற பறவையைத் தேடி அலைந்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும். இரண்டும் ஒரே குடும்பம், குணமும் அதேதான்.

மாதம் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். சான் ஹெரார்டோ டே டோட்டா போன்ற இடங்களில் மார்ச் முதல் மே வரை நல்ல காலம். இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் பறவை அந்த இரண்டடி வால் இறகுகளை உதிர்த்துவிடும், மான்டேவெர்டேவில் பல பறவைகள் பழத்தைத் தேடிக் கீழ்ச்சரிவுகளுக்கே இறங்கிவிடும்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் தயவுசெய்து செய்யவே செய்யாதீர்கள். போனில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது, படத்துக்காகக் கூட்டை நெருங்குவது. உளுத்த மரத்தில்தான் பொந்து வைக்கும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும், ஆண் உள்ளே இருந்தால் வால் இறகு மட்டும் வெளியே பெரணி இலைபோல ஆடிக்கொண்டிருக்கும். நீங்கள் பக்கத்தில் நின்றால், வாயில் பழத்தோடு வந்த பறவை குஞ்சுக்குக் கொடுக்காமல் தூரத்துக் கிளையிலேயே காத்திருக்கும். அது உள்ளே போகும்வரை பின்னால் தள்ளி நில்லுங்கள்.