ஐப்பசியில் பறவை பார்க்கப் போனால் இதையெல்லாம் செய்யாதீர்கள்

மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் இருக்கும் அரிட்டாபட்டி, 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். வலசைப் பறவைகள் வந்து இறங்கும் ஐப்பசி, கார்த்திகையில் அங்கே வழிகாட்டியோடு நடக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் எட்டரை மணிக்கே இட்லி நினைப்பில் திரும்பிவிடுகிறார்கள். பெரிய தவறு அதுதான்.

சின்னப் பறவைகளுக்கு விடியற்காலை நல்ல நேரம், சரி. ஆனால் பாறை சூடாகி அந்த வெப்பக் காற்று மேலே கிளம்பிய பிறகுதான் பொனெல்லி கழுகு மாதிரிப் பெரிய பறவைகள் இறக்கையை அடிக்காமல் வட்டம் போட்டு ஏறும். லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் இருக்கிற மலைக்குப் போய்விட்டு அண்ணாந்தே பார்க்காமல் திரும்புவது என்ன கணக்கு? கையோடு ரெண்டு வாழைப்பழம் கொண்டு போங்கள், பத்து மணி வரை தாங்கும்.

அடுத்தது, புத்தகத்தில் இருக்கும் படத்தையே தேடுவது. அந்தப் படங்கள் பெரும்பாலும் இனப்பெருக்கக் காலத்து அலங்காரம். ஐப்பசியில் வந்து இறங்கும் நீலச்சிறகி ஆண் வாத்து, பெட்டையைப் போலவே மங்கலான பழுப்பில் இருக்கும். உண்ணிக்கொக்கின் தலையிலும் அந்த ஆரஞ்சு நிறம் இருக்காது, முழு வெள்ளைதான். நிறத்தை விட்டுவிட்டு அலகு, கால், நடை, தண்ணீரில் மேயும் விதம் இவற்றைப் பாருங்கள். கண்மாய் நிரம்பி வழியும்போது உள்ளான் காணோமே என்று வழிகாட்டியைக் குடைவதிலும் பயனில்லை, ஓரத்தில் சேறும் கணுக்கால் தண்ணீரும் இருந்தால்தான் அதற்கு இரை.

காலையில் கண்மாயின் மேற்குக் கரையில் நின்றால் சூரியன் கண்ணில் அடிக்கும், எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். கிழக்குக் கரைக்குப் போய்விடுங்கள். பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு மரம் மரமாகத் துழாவாதீர்கள். வெறும் கண்ணால் பறவையைப் பிடித்து, பார்வையை எடுக்காமல் பைனாகுலரை உயர்த்த வேண்டும். வெள்ளைச் சட்டை, சென்ட், செருப்பு மூன்றும் வேண்டாம், மழை ஈரத்தில் பாறை வழுக்கும்.

எனக்கு எரிச்சல் வருவது செல்போனில் பறவைக் குரலைப் போட்டு ஆறுமணிக் குருவியைக் கூப்பிடுகிறவர்களைப் பார்த்துத்தான். இமயமலை அடிவாரத்திலிருந்து பறந்து வந்து களைத்துக் கிடக்கிற பறவை, வேறொரு குருவி தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். உங்களுக்கு ஒரு படம், அதற்கு ஒரு காலைச் சாப்பாடு போச்சு. அதுவாகவே விடிகிற நேரத்திலும் அந்தியிலும் கத்தும், புதர் ஓரமாகச் சும்மா நின்றாலே போதும்.

அப்புறம், வல்லூறு உட்காரும் பாறை இடுக்கைப் படம் எடுத்தால் இருப்பிடக் குறியோடு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அங்கே ட்ரோன் பறக்கும்.