பெருந்தொற்று ஃபுளூ: முதல் நோயாளிகளைத் தவறவிடச் செய்யும் தவறுகள்

2009 மார்ச் கடைசியில், கலிஃபோர்னியாவின் தெற்கு ஓரத்தில் இரண்டு குழந்தைகளுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. சான் டியேகோ கவுண்டியில் பத்து வயதுப் பையன், பக்கத்து இம்பீரியல் கவுண்டியில் ஒன்பது வயதுச் சிறுமி. சிறுமிக்கு ஆன்டிபயாடிக்கும் அலர்ஜி மருந்தும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இருவருமே குணமாகிவிட்டார்கள். பையனின் மூக்குச் சளி மாதிரி, புதிய பரிசோதனைக் கருவி ஒன்றைப் பற்றிய ஆய்வுக்காக எடுக்கப்பட்டிருந்தது. சிறுமி சென்ற மருத்துவமனை ஒரு ஃபுளூ கண்காணிப்புத் திட்டத்தில் சேர்ந்திருந்தது. இந்த இரண்டு காரணங்களும் இல்லையென்றால் அந்தக் காய்ச்சல்களை யாரும் நினைவில்கூட வைத்திருக்க மாட்டார்கள். ஏப்ரல் நடுவில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்த மாதிரிகளில் கண்டது, மனிதர்களிடம் அதுவரை காணப்படாத ஒரு புதிய வகை எச்1என்1 ஃபுளூ வைரஸ். பின்னால் பன்றிக் காய்ச்சல் என்று பேசப்பட்டது இதுதான். ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என அறிவித்தது.

பெருந்தொற்றின் முதல் நோயாளி சாதாரணக் காய்ச்சல்காரராகத்தான் வந்து உட்காருவார். தொடக்க நாட்களில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் இதை மறப்பதிலிருந்து பிறக்கின்றன.

முதல் தவறு, "வெளிநாடு போனீர்களா?" என்று கேட்டு, "இல்லை" என்றதும் அந்த நோயாளியைப் பற்றிய விசாரிப்பை முடித்துவிடுவது. அந்த இரண்டு குழந்தைகளும், அதே வசந்தத்தில் இந்த நோய் பரவிய மெக்சிகோவுக்குப் போய் வந்தவர்கள் அல்லர், ஒருவருக்கொருவர் தொடர்பும் இல்லை, பன்றிகளோடு புழங்கியவர்களும் அல்லர். அதாவது, கண்டுபிடிக்கப்பட்ட அன்றே அந்த வைரஸ் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவிக்கொண்டிருந்தது. பயண வரலாறு கேட்க வேண்டியதுதான். இந்தியாவில் முதல் நோயாளி 2009 மே மாதம் ஹைதராபாதில் உறுதியானதும் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பயணியிடம்தான். ஆனால் பயணம் இல்லை என்பதற்காக ஒருவரை விலக்கிவிடக் கூடாது. அதைவிட நல்ல கேள்வி: "உங்கள் வீட்டில், பள்ளியில், வேலை இடத்தில் வேறு யாருக்கெல்லாம் இப்படி இருக்கிறது?" அதே ஏப்ரலில் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதிப் பள்ளி ஒன்றில், ஏறக்குறைய நூறு பிள்ளைகள் காய்ச்சல், தொண்டை வலி என்று வந்து நின்றபோது, பள்ளிச் செவிலியர் சுகாதாரத் துறைக்குத் தகவல் கொடுத்தார். யாருக்கும் நோய் கடுமையாக இல்லை. எண்ணிக்கைதான் விஷயத்தைச் சொன்னது. மருத்துவமனைக்கு வெளியே இருப்பவர்களில் இந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் ஆசிரியர்களும் விடுதிக் காப்பாளர்களும் என்பது என் உறுதியான எண்ணம். வருகைப் பதிவேடு அவர்கள் கையில்தான் இருக்கிறது.

இன்னொரு அடையாளம், நோய் தாக்கும் வயது. மெக்சிகோவில் அந்த வசந்தத்தில் மருத்துவர்களை உலுக்கியது, ஃபுளூ பருவம் ஓய வேண்டிய நேரத்தில் திடகாத்திரமான இளைஞர்கள் கடும் நிமோனியாவோடு வந்ததுதான். வழக்கமான ஃபுளூ முதியவர்களைத்தான் அதிகம் சாய்க்கும். 2009 வைரஸால் இறந்தவர்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் 65 வயதுக்குக் கீழே என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. "சின்ன வயசு, தாங்கிக்கொள்வார்" என்ற வழக்கமான ஆறுதல் இந்த நோயில் உயிரைப் பறிக்கும்.

காய்ச்சல் இருந்தால்தான் ஃபுளூ என்று நினைப்பதும் தவறு. விமான நிலையத்து வெப்பக் கருவிகளை நம்பி நாடுகள் பல ஆறுதல் அடைந்தன. தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய ஒன்று முதல் நான்கு நாள் ஆகலாம். விமானப் பயணம் ஒரே நாளில் முடிந்துவிடும். பாராசிட்டமால் போட்டவர் கருவியைக் கடந்து போய்விடுவார். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே வைரஸ் பரவவும் கூடும். சிலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் முன்னால் நிற்கும். 2024-இல் டெக்சாஸ் மாட்டுப் பண்ணைத் தொழிலாளி ஒருவருக்கு எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ் உறுதியானபோது அவருக்கு இருந்தது கண் சிவப்பு மட்டும். கண்ணிலிருந்து எடுத்த மாதிரியில்தான் வைரஸ் மிகுந்திருந்தது. கோழி, வாத்து, மாடு, பன்றி இவற்றோடு வேலை செய்பவர் கண் சிவந்து வந்தால், சொட்டு மருந்து எழுதிக் கொடுப்பதற்கு முன் பண்ணையில் கால்நடைகள் நோயுற்றனவா என்று கேளுங்கள்.

அடுத்தது சோதனை. இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு தாளில் "நெகட்டிவ்" என்று அச்சாகிவிட்டால் எல்லோரும் தளர்ந்துவிடுகிறோம். 2009-இல் பயன்பாட்டில் இருந்த விரைவு ஆன்டிஜன் சோதனைகள், நோய் இருந்தவர்களில் பத்து முதல் எழுபது விழுக்காட்டினரை மட்டுமே பிடித்தன. பாசிட்டிவ் என்றால் பயன் உண்டு. நெகட்டிவ் என்றால் எதையும் விலக்க முடியாது. நம்பத்தக்கது, வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். சோதனை. அதுவும் மாதிரி ஒழுங்காக இருந்தால்தான். மரக்குச்சியில் சுற்றிய பஞ்சில் எடுத்த மாதிரி சோதனையைக் கெடுக்கலாம். செயற்கை இழை சுற்றிய மாதிரிக் குச்சி (ஸ்வாப்) தான் வேண்டும். வைரஸ் கடத்து திரவத்தில் போட்டு, இரண்டு முதல் எட்டு டிகிரி குளிரில் வைத்து, மூன்று நாளைக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். நிமோனியா நோயாளிக்கு மூக்கு, தொண்டை மாதிரி நெகட்டிவ் ஆனாலும் நுரையீரலில் வைரஸ் இருக்கலாம். செயற்கைச் சுவாசத்துக்குக் குழாய் செருகியிருந்தால் மூச்சுக்குழாய்ச் சளியையும் அனுப்புங்கள்.

ஆய்வகத்தில் நடக்கும் தவறு இன்னும் ஆபத்தானது. "இன்ஃபுளூயன்ஸா ஏ பாசிட்டிவ், துணைவகை தெரியவில்லை" (ஏ வகை ஃபுளூதான், ஆனால் தெரிந்த துணைவகை எதுவோடும் பொருந்தவில்லை) என்று வரும் முடிவை, சோதனை சரியாக ஓடவில்லை என்று ஒதுக்கிவிடுவது. கலிஃபோர்னியாப் பையனின் மாதிரி காட்டியது அதைத்தான். அந்த முடிவு மேல்நிலை ஆய்வகத்துக்கு அன்றே போக வேண்டும். புதிய துணைவகை ஃபுளூ ஒரே ஒரு மனிதருக்கு உறுதியானாலும் உலக சுகாதார நிறுவனத்துக்கு நாடுகள் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2005-இன் சர்வதேச சுகாதார விதி.

சோதனை முடிவுக்காக மருந்தை நிறுத்தி வைப்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கும் தவறு. ஃபுளூ வைரஸுக்கு எதிரான மருந்தான ஒசெல்டாமிவிரை அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அதிகப் பலன். கர்ப்பிணிகள், ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள், மிகு பருமனானவர்கள், சின்னஞ்சிறு குழந்தைகள் இவர்களுக்குச் சந்தேகம் வந்த உடனேயே தொடங்க வேண்டும். 48 மணி நேரம் கடந்துவிட்டது என்று மருத்துவமனையில் கிடக்கும் கடும் நோயாளிக்குக் கொடுக்காமல் விடுவதும் தவறு. தாமதமாகக் கொடுத்தாலும் பலன் உண்டு. பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஐந்து நாள். நோய் வராமல் தற்காத்துக்கொள்ள என்றால் நாளுக்கு ஒரு வேளை. ஏற்கனவே இருமல் தொடங்கியவருக்குத் தற்காப்பு அளவைக் கொடுப்பது மருந்துக்கு அசையாத வைரஸை வளர்க்கும். ஸ்டீராய்டை வழக்கமாகச் சேர்ப்பது நன்மையைவிடத் தீமையே செய்யும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது.

எல்லோரையும் ஒரே இடத்தில் திரட்டிச் சோதிப்பதும் கேடுதான். 2009 ஆகஸ்ட் தொடக்கத்தில் இந்தியாவின் முதல் மரணம் புனேயில் நேர்ந்ததும், சோதனை மையங்களின் முன் பெருங்கூட்டம் திரண்டது. இருமுபவரும் இருமாதவரும் தோளோடு தோள் நின்றார்கள். அதன்பின் மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்தது. லேசான நோயுள்ள ஏ பிரிவினருக்குச் சோதனையும் வேண்டாம், ஒசெல்டாமிவிரும் வேண்டாம்; வீட்டிலேயே இருந்து, ஓரிரு நாளில் மீண்டும் பார்க்க வேண்டும். பி பிரிவில் ஆபத்துக் காரணி உள்ளவர்களுக்குச் சோதனை இல்லாமலே மருந்து. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு, சளியில் ரத்தம், நகம் நீலமாதல் இருந்தால் சி: உடனே சோதனை, அனுமதி, சிகிச்சை. எளிமையான இந்தப் பிரிப்பு, படுக்கையையும் மருந்தையும் தேவைப்படுபவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அதே 2009-இல் எகிப்து தன் நாட்டுப் பன்றிகளை எல்லாம் கொல்ல உத்தரவிட்டது. நோய் பரவியது மனிதர் வழியாக. பன்றிகள் போனதில் நோய் நிற்கவில்லை, அவற்றை வளர்த்தவர்களின் பிழைப்புதான் போயிற்று.

கடைசியாக, வீட்டுக்கு அனுப்பும் நேரம். "ரெஸ்ட் எடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது. காய்ச்சல் குறைந்து, தேறிவிட்டார் என்று நினைத்த பிறகு மறுபடி காய்ச்சல் ஏறி இருமல் மோசமானால், அது பாக்டீரியா நிமோனியாவாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் தேவைப்படுவது அப்போதுதான். குழந்தை பால் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் சோர்ந்து விழுந்தால், வேகமாக மூச்சு வாங்கினால், அடுத்த நாள்வரை காத்திருக்க வேண்டாம். இதை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்து, வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறாரோ அவர் கையில் கொடுங்கள்.