சாம்பாரின் அடியில் கரண்டியை விடுங்கள்: ஜிம்முக்குப் புதியவர்களுக்கான சாப்பாட்டுக் கணக்கு

ஜிம்மில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லாரும் கேட்பது, எந்த புரோட்டீன் (புரத) பவுடர் வாங்கலாம் என்பதுதான். பவுடர் இருக்கட்டும், முதலில் உங்கள் வீட்டுத் தட்டைப் பார்ப்போம்.

ஒன்று புரிந்தால் மற்றதெல்லாம் எளிது. பளு தூக்கும் நேரத்தில் தசை வளர்வதில்லை. தூக்கி முடித்த பிறகு 24 முதல் 48 மணி நேரம் வரைக்கும் உடம்பு தசைப் புரதத்தை வேகமாகக் கட்டுகிறது, கூடவே பழைய புரதத்தைச் சிதைக்கிற வேலையும் நடக்கிறது, நீங்கள் சாப்பிடாமல் கிடந்தால் சிதைவுதான் ஜெயிக்கும். அதனால் ஜிம்முக்குப் போகாத நாளிலும் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

படி 1. உங்கள் எடையை 1.6-ஆல் பெருக்குங்கள். 60 கிலோ என்றால் 96 கிராம், ஒரு நாளைக்கு வேண்டிய புரதம் அவ்வளவு. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

படி 2. நேற்று சாப்பிட்டதை ஒரு தாளில் எழுதுங்கள். நம்மில் பலர் ஏமாறுவது இங்கேதான். "தினமும் பருப்பு சாப்பிடுகிறேனே" என்பார்கள். 100 கிராம் துவரம்பருப்பில் புரதம் சுமார் 22 கிராம், அதை நான்கு பேருக்குச் சாம்பார் வைத்தால் ஆளுக்கு ஐந்தரை கிராம்தான் வரும், அதுவும் பருப்பு அடியில் தங்கிவிட, மேலாக அள்ளி ஊற்றிக்கொண்டால் புளித்தண்ணீரும் முருங்கைக்காயும்தான் உங்கள் தட்டுக்கு வரும். கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி எடுங்கள். வாரத்தில் மூன்று நாளாவது கெட்டிப் பருப்பு கடைந்து தரச் சொல்லிக் கேளுங்கள்.

படி 3. குறைகிறதை நிரப்புங்கள். ஒரே வேளையில் கொட்டாமல் வேளைக்கு 25 கிராம் போல் பிரித்துக்கொள்வது நல்லது. காலையில் நான்கு இட்லியோடு மூன்று முட்டை என்றால் அந்த வேளைக் கணக்கு முடிந்தது. முட்டையை வேகவைத்தே சாப்பிடுங்கள். பச்சையாக உடைத்துக் குடிப்பது வீரம் என்று இன்னும் சில இடங்களில் சொல்லித் தருகிறார்கள், ஆனால் வெந்த முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் உடம்பில் சேர்கிறது, பச்சை முட்டையில் பாதிதான் சேர்கிறது. மதியம் சோறு, பருப்பு, தயிரோடு ஒரு கிண்ணம் சுண்டல். இரவில் 150 கிராம் கோழிக்கறி, சைவம் என்றால் 50 கிராம் சோயா உருண்டை (ஊறவைப்பதற்கு முன் எடை போடுங்கள்), தூங்கப் போகும்போது ஒரு டம்ளர் பால். பயிற்சி முடிந்து அரை மணிக்குள் புரதம் உள்ளே போயாக வேண்டும் என்ற பதற்றம் வேண்டாம், நாள் முழுவதும் சேர்கிற மொத்தம்தான் முக்கியம்.

படி 4. சோற்றை வெட்டாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எடை கூட வேண்டும் என்று வருகிற ஒல்லிப் பிள்ளைகள்கூட முதலில் நிறுத்துவது சோற்றைத்தான். அரிசியின் மாவுச்சத்துதான் கிளைகோஜனாகத் தசைக்குள் தங்கி அடுத்த நாள் பயிற்சிக்கு எரிபொருளாகிறது. அது காலியாக இருந்தால் கால் கனக்கும், நேற்றுத் தூக்கிய எடை இன்று எழும்பாது. காலையில் ஒரு ஆட்டம், மாலையில் இன்னொன்று என்று கபடிப் போட்டிக்குப் போகிறவர்கள் மட்டும் முதல் ஆட்டம் முடிந்த உடனே வாழைப்பழமோ தயிர்சாதமோ சாப்பிட்டுவிடுங்கள், அவர்களுக்குத்தான் நேரம் முக்கியம்.

படி 5. தண்ணீரும் தூக்கமும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். உப்புப் போட்ட நீர்மோர் அருமையானது. தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

அப்புறம், வாரம் ஒருமுறை காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். எடை கூட வேண்டியவருக்கு இரண்டு வாரமாக முள் நகரவே இல்லை என்றால், மதியம் இன்னொரு கரண்டி சோறும் சாயங்காலம் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் சேர்த்துக்கொண்டு, அடுத்த இரண்டு வாரம் கழித்து மறுபடி ஏறிப் பாருங்கள்.