செஞ்சிக்குப் போனால் கல்யாண மகாலைக் கடைசியில் பாருங்கள்

போன மாதம் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். மணி 11.30. எதிரே கல்லூரிப் பையன்கள் நாலு பேர், முகமெல்லாம் சிவந்துபோய் ஏறி வந்தார்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே பாட்டில், அதுவும் பாதி காலி. "அண்ணா, உச்சி இன்னும் எவ்வளவு தூரம்?" பாதிகூட வரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. முதல் தடவை நானும் ஏறக்குறைய அதே படியில் நின்று இதையேதான் கேட்டேன்.

தொப்பி போடுங்கள், குப்பை போடாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். இங்கே ஏறுகிறவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கீழேயே பொழுதைக் கழிப்பது

ராஜகிரி சுமார் 800 அடி உயரம்தான். பெரும்பாலும் கல்படி. புதிதாக மலையேறுகிறவர்களுக்குச் சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்வர இதைவிட நல்ல மலை எனக்குத் தெரிந்து இல்லை. அப்படியிருந்தும் நிறையப் பேர் உச்சியைப் பார்க்காமல் திரும்புகிறார்கள்.

முதல் தடவை நாங்கள் போனது பங்குனி மாதம், அலுவலக நண்பர்களோடு வேனில். தாம்பரத்தில் 5 மணி என்று பேச்சு, கிளம்பியது 7. திண்டிவனம் தாண்டி ஒரு மணி நேரம் டிபன். அதோடு விட்டோமா? உள்ளே நுழைந்ததும் கல்யாண மகால், நெற்களஞ்சியம், யானைக்குளம் என்று வரிசையாக இருக்கிறதே, ஒவ்வொன்றின் முன்னாலும் போட்டோ. மலையில் கால் வைக்கும்போது உச்சிவெயில். கருங்கல் பாறை அதற்குள் தோசைக்கல்லாகியிருந்தது. மேலிருந்து பாதிச் சூடு, காலடியிலிருந்து பாதி. வழியிலேயே ஒருவருக்குத் தலைசுற்றி வாந்தி. துண்டை நனைக்கக்கூடத் தண்ணீர் இல்லை. உச்சிக்குச் சற்று முன்னால் ஆழமான பிளவு ஒன்றும் அதன்மேல் சின்னப் பாலமும் உண்டு. அந்தப் பாலம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் திரும்பினோம். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான்.

விடியுமுன் கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் பிடியுங்கள். செஞ்சியில் இறங்கி ஆட்டோவில் கோட்டைக்குப் போய், நேரே மலை ஏறுங்கள். மகால் எங்கும் ஓடிப்போகாது. மேலே ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு. வடக்கே கிருஷ்ணகிரி, இன்னொரு பக்கம் சந்திரகிரி, மூன்று குன்றையும் வளைத்து ஓடும் மதில். 1690-களில் முகலாயப் படை இதைப் பிடிக்க ஏழெட்டு வருஷம் கீழேயே காத்துக் கிடந்தது. மேலே நின்று பார்த்தால் ஏனென்று புரியும்.

குரங்கு

கவர் சரசரத்தாலே போதும். தின்பண்டமெல்லாம் பைக்குள்.

புது ஷூ

வேண்டாம்.

ஏறும்போதே தண்ணீரை முடிப்பது

இறங்கும்போதுதான் முட்டி நடுங்கும், நாக்கும் வறளும். ஆளுக்கு 2 லிட்டர், அதில் ஒன்றை உச்சி வரை தொடாதீர்கள். அன்று அப்படி வைத்திருந்ததில் மிச்சம்தான் அந்தப் பையன்களுக்குப் போனது. குடித்துவிட்டுத் திரும்பி நடந்தார்கள்.