சாட்டிலைட் மேப்ப பாத்து வலை போடுறது எப்படி

ஹைதராபாத்ல இருக்க இன்காய்ஸ்காரங்க (கடல் தகவல் சொல்ற மத்திய அரசு மையம்) மீன் எந்தப் பக்கம் கிடக்க வாய்ப்புன்னு காசு வாங்காம சொல்றாங்க, நம்மாளுங்க பாதிப்பேரு ஒருதடவை போயி மீன் படலன்னதும் திட்டிட்டு விட்டுடுறாங்க. அதைப் பாக்குறதுக்கு ஒரு விதம் இருக்கு மக்கா.

சாட்டிலைட்டுக்கு மீன் தெரியாது. தெரியுறது ரெண்டுதான், மேல்தண்ணி சூடும் தண்ணியோட பச்சையும். அடித்தண்ணி மேல கிளம்புனா குளிரா இருக்கும், சத்தும் கூட வரும், கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகும், அதைத் திங்க சாளை வரும், சாளைய விரட்டி சூரையும் நெய்மீனும் வரும். குளிர் தண்ணியும் சூடு தண்ணியும் முட்டுற இடத்துல இரை ஒதுங்கும், மேப்ல கோடு போடுறது அங்கதான். அதனால இது மேல்மீனுக்குத்தான், றாலுக்கும் கடலடிப் பாறையில கிடக்க பார் மீனுக்கும் இதை நம்பி டீசல் ஊத்தாதீங்க.

இன்காய்ஸ் சைட்ல போடுற லிஸ்ட்ல உங்க ஊர் துறையத் தேடுனா திசை, டிகிரி, கிலோமீட்டர், ஆழம், அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் இருக்கும். ஆழம் மீட்டர்ல இருக்கும், 36 மீட்டர்னா ஏறக்குறைய 20 பாகம் (ரெண்டு கையையும் விரிச்சா வர்ற நீளம் ஒரு பாகம்).

நான் மாட்டுனது ஜிபிஎஸ்ல. 7 டிகிரி 52 நிமிஷம் 45 செகண்ட்னு இருந்துச்சு, எங்க மெஷின்ல செகண்டே கிடையாது, நிமிஷத்துக்குப் பிறகு புள்ளிதான், நான் பாட்டுக்கு 52.45ன்னு அடிச்சிட்டேன். 45ஐ 60ஆல வகுத்து 52.75ன்னு அடிச்சிருக்கணும். அரைக் கிலோமீட்டருக்கு மேல தள்ளிப்போச்சு, கூட வந்த மாமா இன்னும் அதைச் சொல்லி சிரிக்காரு.

இன்னொண்ணு, அந்தக் கோடு நீங்க போறதுக்கு முன்னாடி எடுத்த படத்துல உள்ளது, அங்கேயே நிக்காது. நீவாடு, அதான் கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்குதோ அந்தப் பக்கம் நகந்திருக்கும். அதனால பாயிண்டுக்குப் போனதும் வலைய இறக்காம தண்ணி நிறம் எங்க மாறுதுன்னு பாருங்க, பறவை விழுதான்னு பாருங்க, அதுக்குப் பெறவு போடுங்க. ரெண்டு நாளைக்கு முந்துன லிஸ்ட்டு வாட்ஸப்ல சுத்தும், தேதி பாக்காம போகாதீங்க.

நாசாவோட வேர்ல்ட்வியூ சைட்ல நீங்களே குளோரோபில் படத்தை, அதான் தண்ணியோட பச்சையக் காட்டுறதை, பாக்கலாம், ஆனா மழை பெஞ்சா ஆத்து முகத்துல கலங்கல் தண்ணியும் பச்சை கூடுன மாதிரியே காட்டும், ஏமாறாதீங்க. மேகம் மூடிட்டா படமே கிடைக்காது, கச்சான் (தென்மேற்குக் காத்து) மாசத்துல நிறைய நாளு அப்படித்தான். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் கிழக்குக் கரைக்குத் தடைக்காலம், அப்போ லிஸ்ட்டையும் எதிர்பாக்காதீங்க.

கிளம்புறதுக்கு முன்ன இன்காய்ஸ் சைட்லயே அலை உயரமும் காத்தும் இருக்கும், அதையும் பாத்துடுங்க. நல்ல கோடு பெரிய அலைக்குள்ள கிடந்தா விட்டுடுங்க, கடல் அடங்குனதும் வேற கோடு வரும்.