கனமாக இருப்பது பெட்டியா, மாம்பழங்களா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று இரண்டையும் பேசி வளர்கிறவர்கள். ஆங்கில வாக்கியத்தில் எழுவாயும் வினையும் பொருந்தாமல் எழுதினால் கவனம் போதவில்லை என்று சிலர் திட்டுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பெரும்பாலான தவறுகள் நம் மொழிப் பழக்கத்திலிருந்தே வருகின்றன.

போன வாரம் ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'தி பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் ஆர் ஹெவி.' அவள் அப்பா முதலமடைத் தோட்டங்களில் மாம்பழப் பெட்டி கட்டுகிறவர். "எதும்மா கனமா இருக்கு?" என்று கேட்டேன். "பெட்டி சார்" என்றாள். சொன்ன கையோடு அவளே 'ஆர்' என்பதை அடித்து 'இஸ்' போட்டாள்.

தமிழில் 'மாம்பழப் பெட்டி கனமாக இருக்கிறது' என்போம். முக்கியமான சொல்லான பெட்டி பின்னால் வருகிறது. ஆங்கிலத்தில் பெட்டி முன்னால் போய்விட, மாம்பழங்கள் வினையை ஒட்டி நிற்கின்றன. நம் காது பக்கத்தில் இருப்பதையே எழுவாய் என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் 'ஆஃப்' தொடங்கி வினைக்கு முன்பு வரை விரலால் மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்வேன். 'ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்ஸ் லிவ்ஸ் இன் சித்தூர்' என்பதில் மிஞ்சுவது 'ஒன்', அதாவது ஒரே ஒருவர். 'எ லாட் ஆஃப்', 'சம் ஆஃப்' போன்றவை வரும்போது மட்டும் விரலை எடுத்துவிடுங்கள். அங்கே பின்னால் வரும் சொல்தான் தீர்மானிக்கும்.

அடுத்தது, 'ஹி கம்ஸ்' என்பதை 'ஹி கம்' என்று எழுதி, வினையில் 'எஸ்' விட்டுப்போவது. மலையாளத்தில் அவன், அவள், அவர் யார் வந்தாலும் 'வந்நு'தான். தமிழில் வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று மாறும். ஆளுக்கேற்ப வினை மாறும் என்பது தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதல்ல, அந்தப் பழக்கத்தை ஆங்கிலத்துக்கும் கொண்டுவந்தால் போதும்.

ஆனால் தமிழே நம்மை வழிதவறவைக்கும் இடங்களும் உண்டு. 'அப்பா வர்றாங்க' என்று மரியாதையாகப் பேசிய வாய், 'மை ஃபாதர் கம்' என்று சொல்லிவிடுகிறது. மரியாதைக்காக ஆங்கில வினை பன்மையாகாது, 'கம்ஸ்' என்றே வர வேண்டும். 'எல்லாரும்' நமக்குப் பன்மை, 'எவ்ரிபடி' ஆங்கிலத்தில் ஒருமை: 'எவ்ரிபடி நோஸ்.' அப்புறம், பேச்சில் 'மாடு வருது', 'மாடுங்க வருது' என்று இரண்டுக்கும் ஒரே வினை போடுகிறோம். ஆங்கிலத்தில் 'தி கவ் கம்ஸ்', 'தி கவ்ஸ் கம்'. 'எஸ்' இடம் மாறுவதைப் பாருங்கள்.

இன்னும் இரண்டு சொற்களை மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். 'நியூஸ்' முடிவில் 'எஸ்' ஒலித்தாலும் ஒருமை. 'போலீஸ்' பன்மை: 'தி போலீஸ் ஆர் செக்கிங் தி லாரீஸ் அட் வாளையார்.'